புத்தகம் படிப்பது பற்றி எங்களிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்கள் ஊர்க் கிளை நூலகத்தில் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை பத்துப் பதினைந்து பேர் கூடி, படித்ததைப் பற்றிப் பேசுகிறோம். வாசகர் வட்டம் என்று பெயர். புதிதாக வருகிறவர்கள் கேட்பவை பெரும்பாலும் ஒரே கேள்விகள்தான். வாயால் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதி வைக்கிறேன். பதில்கள் என்னுடையவை. வட்டத்தில் இருக்கும் மற்றவர்கள் சிலவற்றுக்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

நாள் முழுக்க போனில் படித்துக்கொண்டுதானே இருக்கிறேன். தனியாகப் புத்தகம் வேறு எதற்கு?

படிக்கிறீர்கள், மறுக்கவில்லை. வாட்ஸப்பில் வரும் நீளச் செய்தியும் எழுத்துதான். ஆனால் போனில் ஒன்றைப் படிக்கும்போதே அடுத்தது வரிசையில் நிற்கிறது. கட்டைவிரல் கொஞ்சம் அசைந்தால் எதிரே இருந்தது போய்விடும். கல்யாண மண்டப வாசலில் நின்று வருகிறவர்களுக்கெல்லாம் வணக்கம் சொல்வது மாதிரி அது. அன்றிரவு கால் வலிக்கும், யார் யார் வந்தார்கள் என்று கேட்டால் பாதிப் பேர் நினைவில் இருக்க மாட்டார்கள். புத்தகம் என்பது அந்தக் கூட்டத்தில் ஒருவரைப் பிடித்து, பந்தி முடிந்த பிறகும் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு பேசுவது.

உப்பளத்தில் வேலை செய்கிறவர்களுக்கு வெயிலும் வெள்ளையும் சேர்ந்து கண்ணைக் கெடுக்கும், கால் விரலிடுக்குகள் புண்ணாகும் என்பது செய்தியாக வந்தால் இரண்டு வரி. நான் அதை ஒரு நாவலில் தெரிந்துகொண்டேன். அந்த வெயிலில் இருநூறு முந்நூறு பக்கம் நானும் நிற்க வேண்டியிருந்தது. அதற்கப்புறம் சமையலறையில் உப்பு ஜாடியைத் திறக்கும்போது சில நாட்கள் கை தயங்கியது. இரண்டு வரிச் செய்தி எனக்கு இதைச் செய்ததில்லை.

நேரமே கிடைப்பதில்லையே?

கணக்குப் போடுவோம். ஒரு நாளைக்கு 10 பக்கம் என்றால் வருடத்துக்கு 3,650 பக்கம். 200 பக்கப் புத்தகங்களாகப் பார்த்தால் 18 வரும். 10 பக்கம் படிக்க இருபது நிமிடம் போதும், அதையும் ஒரேயடியாகப் படிக்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. குக்கர் மூன்று விசில் வருவதற்குள் இரண்டு பக்கம். டாக்டரிடம் டோக்கன் வாங்கிக் காத்திருந்தால் ஒரு சிறுகதையே முடியும். எங்கள் வட்டத்தில் ஒரு நடத்துநர் இருக்கிறார். கடைசி நிறுத்தத்தில் வண்டி திரும்பும் வரை கிடைக்கும் கால் மணி நேரத்தில்தான் படிக்கிறார். எங்கள் எல்லோரையும்விட அதிகம் படித்தவர் அவர்தான். வேலைக்கே போகாத நான் அவர் முன்னால் கொஞ்சம் அடக்கித்தான் வாசிப்பேன்.

கைக்குழந்தை வைத்திருப்பவர்கள், வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்பவர்கள் இந்தக் கேள்வியைக் கேட்டால் மட்டும் நான் கணக்கு சொல்வதில்லை. அவர்களுக்கு உண்மையிலேயே நேரமில்லை. புத்தகம் காத்திருக்கும்.

பள்ளிக்கூட நாளில் ஒரே மூச்சில் படித்துத் தள்ளுவேன். இப்போது இரண்டு பக்கம் தாண்டவில்லை. எனக்கு என்ன ஆயிற்று?

ஒன்றும் ஆகவில்லை. பழக்கம் விட்டுப்போயிற்று, அவ்வளவுதான். சைக்கிள் ஓட்டாமல் பத்து வருடம் இருந்துவிட்டு ஏறினால் தொடை வலிக்கும்.

இதை உபதேசமாகச் சொல்லவில்லை, எனக்கே நடந்தது. நல்ல போன் ஒன்று கைக்கு வந்த பிறகு இரண்டு வருடம் நான் ஒரு புத்தகத்தையும் முடிக்கவில்லை. வாங்குவது மட்டும் நிற்கவில்லை. ஒரு நாள் படித்துக்கொண்டிருந்த பக்கத்தின் ஓரத்தில் என் கட்டைவிரல் தானாக மேல்நோக்கித் தேய்த்தது. காகிதம் நகரவில்லை. சிரிப்பு வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது.

திரும்பி வந்த வழியைச் சொல்கிறேன். போனை வேறு அறையில் வைத்தேன். சத்தத்தை அணைத்துப் பக்கத்திலேயே கவிழ்த்து வைப்பதில் பயனில்லை, கை தேடிப் போய்விடும். கனமான எதையும் எடுக்காமல், பதின்வயதில் நான்கு முறை படித்த ஒரு நாவலை எடுத்தேன். கதை தெரியும் என்பதால் மனம் எங்காவது போய்விட்டு வந்தாலும் நஷ்டமில்லை. முதல் வாரம் ஏழாம் பக்கம் வந்தால் ‘சிலிண்டருக்குப் பதிந்தோமா’ என்று தோன்றும். ஒரு துண்டுத்தாளை அட்டைக்குள் செருகி வைத்து, தோன்றியதை அதில் எழுதிவிட்டுத் தொடர்ந்தேன். மூன்றாவது வாரம் ஒரு இரவு தாளில் ஒன்றுமே எழுதவில்லை என்று மறுநாள்தான் கவனித்தேன்.

இன்னொரு வழியும் உண்டு: வாய்விட்டுப் படிப்பது. கண்ணால் மட்டும் மௌனமாகப் படிப்பது நம் ஊரில் அப்படி ஒன்றும் பழைய பழக்கம் இல்லை. திண்ணையில் ஒருவர் பெரிய எழுத்துக் கதைப் புத்தகத்தை ராகம் போட்டுப் படிக்க, சுற்றியிருந்தவர்கள் கேட்பார்கள். டீக்கடையில் ஒருவர் பேப்பரைச் சத்தமாகப் படிக்க, எழுத்துத் தெரியாதவர்களும் உலக விவகாரம் பேசினார்கள். மனம் அலைகிறதா, அரைப் பக்கம் வாய்விட்டுப் படியுங்கள். வீட்டில் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

புத்தகம் படித்தால் ஆயுள் கூடும், மனசு விரியும் என்று ஆராய்ச்சி இருக்கிறதாமே?

இருக்கிறது. 2016இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தினர் 50 வயதைத் தாண்டிய 3,635 பேரின் 12 வருடத் தகவலை அலசினார்கள். புத்தகம் படிப்பவர்களுக்கு அந்தக் காலத்தில் இறப்பு அபாயம் 20 சதவீதம் குறைவாக இருந்தது. படிப்பு, வசதி, உடல்நலம் போன்றவற்றைக் கழித்துப் பார்த்த பிறகும் அந்த வித்தியாசம் நின்றது. செய்தித்தாள், வார இதழ் மட்டும் படித்தவர்களுக்கு அவ்வளவு இல்லை. ஆனாலும் புத்தகம்தான் அவர்களை வாழவைத்தது என்று இதிலிருந்து அடித்துச் சொல்ல முடியாது. இரண்டும் சேர்ந்து காணப்பட்டன, அவ்வளவே.

2013இல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த இன்னொரு ஆய்வு, இலக்கியப் புனைகதையைக் கொஞ்ச நேரம் படித்தாலே அடுத்தவர் மனசைப் புரிந்துகொள்ளும் திறன் கூடுகிறது என்றது. ஊரெல்லாம் பரவியது. சில வருடம் கழித்து மற்றவர்கள் அதே சோதனையைச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. இந்த இரண்டாம் செய்தி மட்டும் பரவவில்லை.

என் அபிப்பிராயம் கேட்டால், புத்தகத்தைக் கஷாயம் மாதிரி நீட்டுவதே தப்பு. ‘உடம்புக்கு நல்லது’ என்று சொல்லிக் கொடுக்கப்பட்ட எதை நாம் ஆசையாகச் சாப்பிட்டிருக்கிறோம்? நான் படிப்பது சுகமாக இருப்பதால். மழை நாளில் ஜன்னலோரம் உட்கார்ந்து, அடுத்த அத்தியாயத்தில் அவளுக்கு என்ன ஆகுமோ என்ற பதைப்போடு பக்கத்தைத் திருப்பும் அந்த அரை நொடிக்காக. ஆயுள் கூடினால் கூடுதலாக நாலு புத்தகம் படிக்கலாம்.

நான் படிப்பது துப்பறியும் கதையும் குடும்ப நாவலும்தான். இதெல்லாம் கணக்கில் வருமா?

வரும். பேருந்து நிலையக் கடையில் கிளிப் போட்டுத் தொங்கிய மாத நாவல்கள் இல்லாவிட்டால் எங்கள் வட்டத்தில் பாதிப் பேர் வாசகராகியிருக்க மாட்டார்கள். அதிலேயே நின்றால் பரவாயில்லையா என்று கேட்டால், பரவாயில்லைதான். ஆனால் பெரும்பாலானவர்கள் நிற்பதில்லை. ஐம்பதாவது கொலையில் கொலையாளி யார் என்று ஆறாம் பக்கத்திலேயே தெரிந்துவிடும், அப்புறம் கால் தானாகப் பக்கத்து அலமாரிக்குப் போகும்.

பிடிக்காத புத்தகத்தைப் பாதியில் விடலாமா?

தாராளமாக. தட்டில் வைத்ததை வீணாக்கக் கூடாது என்பது சோற்றுக்குச் சொன்னது.

தடியான புத்தகங்களைப் பார்த்தாலே பயமாக இருக்கிறது.

தமிழர்கள் அதிகம் படித்த தடிப் புத்தகங்களில் ஒன்றான ‘பொன்னியின் செல்வன்’ முதலில் புத்தகமாக வரவில்லை. 1950இலிருந்து 1954 வரை வாரா வாரம் ‘கல்கி’ இதழில் சில பக்கங்களாக வந்தது. அன்றைய வாசகர்கள் அதைப் படித்து முடிக்க மூன்றரை வருடம் ஆயிற்று. வேறு வழியில்லை, அடுத்த இதழ் வந்தால்தானே! இன்று ஐந்து பாகத்தையும் மொத்தமாகப் பார்த்து மலைக்கிறோம். நீங்களும் வாரத்துக்கு இரண்டு அத்தியாயம் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் அத்தைகளும் பாட்டிகளும் தொடர்கதைப் பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்துச் சேர்த்து, பைண்டு செய்து வைத்திருப்பார்கள். கதைக்கு நடுவில் பாதி விளம்பரம், சோப்பு, தலைவலி மாத்திரை, பின்பக்கத்தில் யாரோ கேட்ட கேள்வி பதிலின் கடைசி வரி. ஓவியங்களோடு இருக்கும் அந்தத் தொகுப்புகளில் படித்த சுகம் அச்சு அழகான புதிய பதிப்பில் எனக்குக் கிடைத்ததில்லை. எங்கள் வீட்டுத் தொகுப்பு ஒன்றில் 23ஆம் அத்தியாயம் இல்லை. அந்த வாரப் பத்திரிகையைப் பக்கத்து வீட்டுக்காரர்கள் வாங்கிப் போய்த் திருப்பித் தரவில்லை என்று அத்தை கடைசி வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

காகிதமா, திரையா? ஒலிப்புத்தகம் கேட்பது படிப்பதில் சேருமா?

2018இல் 54 ஆய்வுகளை, மொத்தம் 1,70,000 பேருக்கு மேல், ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். தகவல் சார்ந்த கட்டுரைகளைக் காகிதத்தில் படித்தவர்களுக்குச் சற்று நன்றாகப் புரிந்திருந்தது, அதிலும் நேர நெருக்கடி இருந்தபோது. கதைகளில் அந்த வித்தியாசம் தெரியவில்லை. ஆகவே பாடப்புத்தகத்துக்குக் காகிதம், நாவலுக்கு உங்கள் சௌகரியம். கிண்டில் மாதிரிக் கருவியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம் என்பது நாற்பத்தைந்தைத் தாண்டியவர்களுக்குப் பெரிய வரம்.

இணையத்தில் நியாயமாக, இலவசமாகவே நிறையக் கிடைக்கிறது. தமிழ் நூல்களை மின்னூலாக்கி இணையத்தில் போடும் மதுரைத் திட்டம் 1998 பொங்கலன்று தொடங்கியது. தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து, பிழை திருத்திப் போட்டவை அவை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் அரசு நாட்டுடைமையாக்கிய எழுத்தாளர்களின் நூல்கள் இருக்கின்றன. இவ்வளவு இருக்கும்போது, போன வருடம் வெளிவந்த நாவலின் பிடிஎஃப்பைக் குழுவில் போட்டுச் சுற்றவிடாதீர்கள். தமிழில் ஒரு நாவல் சில நூறு பிரதிகள் அச்சாவதே இப்போது சாதாரணம். அதில் இருபது குறைந்தால் எழுதியவருக்குத் தெரியும்.

ஒலிப்புத்தகம் சேரும். திண்ணையில் கேட்டவர்களை யாரும் குறைத்துச் சொல்லவில்லையே.

புத்தக விலை கட்டுபடியாகவில்லை. என்ன செய்ய?

ஏற்கெனவே காசு கொடுத்துவிட்டீர்கள் என்பதுதான் பதில். தமிழ்நாட்டில் சொந்த வீடு இருந்தால் சொத்து வரி ரசீதை எடுத்துப் பாருங்கள். நூலக வரி என்று ஒரு வரி இருக்கும். சொத்து வரியில் ரூபாய்க்கு 10 பைசா. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரர் அதை வாடகையில் சேர்த்திருப்பார். அந்தக் காசில் வாங்கிய புத்தகங்கள் மாநிலத்தில் நாலாயிரத்துக்கும் அதிகமான பொது நூலகங்களில் இருக்கின்றன. உறுப்பினராக ஆகும் செலவு ஒரு நல்ல சாப்பாட்டுச் செலவுகூட ஆகாது. பெரும்பாலான கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. அது தெரியாமல் போய்ப் பூட்டைப் பார்த்துத் திரும்பியவர்கள் ‘நூலகம் திறப்பதே இல்லை’ என்று ஊரெல்லாம் சொல்வார்கள்.

இந்த நூலக வரிக்குப் பின்னால் ஒரு கணக்கு வாத்தியார் இருக்கிறார். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ்.ஆர். ரங்கநாதன். சென்னையில் கல்லூரியில் கணிதம் சொல்லிக்கொடுத்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகப் போனார். போன வேகத்தில் தனிமை தாங்காமல், பழைய வேலையே கொடுங்கள் என்று கல்லூரி முதல்வரிடம் திரும்பி வந்து நின்றார். லண்டனுக்குப் போய் நூலகப் படிப்பைப் படித்துவிட்டு வா, அப்புறமும் சலிப்பாக இருந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் முதல்வர். அங்கே நூலகங்கள் ஊர் மக்கள் எல்லோருக்குமாக நடப்பதைப் பார்த்தவர் கணக்குப் பக்கம் திரும்பவில்லை. 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். முதல் விதி, புத்தகங்கள் பயன்படுத்துவதற்கே. இதைப் போய் விதியாக எழுத வேண்டுமா என்று தோன்றும். கண்ணாடி பீரோவைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொள்ளும் ஒருவரையாவது பார்த்தவர்களுக்குத் தோன்றாது. அதே 1931இல் மன்னார்குடிப் பக்கம் மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் புத்தகம் போயிற்று. அவர் முயற்சியால், நூலக வரிக்கு வழிசெய்த பொது நூலகச் சட்டம் சென்னை மாகாணத்தில் 1948இல் வந்தது. சுதந்திர இந்தியாவில் அதுதான் முதல்.

சொந்தமாக வாங்கவே ஆசை என்றால் பொங்கலையொட்டி நடக்கும் சென்னைப் புத்தகக் காட்சியில் 10 சதவீதம் தள்ளுபடி உண்டு. 1977இலிருந்து நடக்கிறது. இப்போது பல மாவட்டங்களிலும் நடக்கின்றன. காட்சித் திடலில் டெல்லி அப்பளக் கடையில் இருக்கும் கூட்டம் கவிதைக் கடையில் இருக்காது என்பது பழைய கிண்டல். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை, அப்பளம் வாங்கினவர் திரும்பும் வழியில் ஒன்றைப் புரட்டுவார். சென்னையில் இருப்பவர்கள் திருவல்லிக்கேணி பாரதி சாலை பழைய புத்தகக் கடைகளையும் பார்க்கலாம். அங்கே பேரம் பேசத் தெரிய வேண்டும். நீங்கள் தேடிக்கொண்டிருந்த புத்தகம் கண்ணில் பட்டால் முகத்தில் காட்டிக்கொள்ளாதீர்கள்.

பிள்ளை இங்கிலீஷ் மீடியம். தமிழ் எழுத்துக் கூட்டிப் படிக்கவே திணறுகிறான்.

குழந்தைக்கு எழுத்து மட்டும் கஷ்டமில்லை. வீட்டில் ‘போறேன்’ என்கிறோம், புத்தகத்தில் ‘போகிறேன்’ என்று இருக்கிறது. ‘வந்துட்டான்’ என்பது ‘வந்துவிட்டான்’ ஆகிவிடுகிறது. வீட்டுப் பேச்சைத் தவிர வேறு தமிழ் காதில் விழாத பிள்ளைக்கு இது பாதி அந்நிய மொழி. அதனால் முதலில் காதுக்குப் பழக்குங்கள். தினமும் ராத்திரி நீங்களே வாசியுங்கள், எழுத்தில் உள்ளபடியே. ஆறு மாதத்தில் ‘அவன் கூறினான்’ என்று விளையாட்டில் பேச ஆரம்பிப்பான். அப்புறம் எழுத்து தானாக வரும். படமும் இரண்டு வரியுமாக உள்ள புத்தகங்கள் போதும். பிரதம் புக்ஸ் நடத்தும் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழில் நிறைய, இலவசமாகவே இருக்கின்றன.

ஒன்றே ஒன்றைச் செய்யாதீர்கள். ‘படித்ததில் என்ன நீதி?’ என்று கேட்காதீர்கள். எங்கள் சின்ன வயதில் புத்தகத்தைத் தொடவே கூடாத நாள் ஒன்று உண்டு, சரஸ்வதி பூஜை. எல்லாவற்றையும் அடுக்கிப் பட்டுத் துணி போட்டுப் பொட்டு வைத்துவிடுவார்கள். வருடம் முழுக்கப் புத்தகத்தைக் கண்டால் ஓடுகிறவனுக்கு அன்றைக்கு மட்டும் கை அரிக்கும். கடலை மடித்து வந்த காகிதத்தைப் பிரித்து இழுத்து வைத்துப் படித்திருக்கிறேன்.

படித்ததெல்லாம் மறந்துவிடுகிறது. அப்புறம் படித்து என்ன?

போன மாதம் இதே தேதியில் என்ன குழம்பு என்று நினைவிருக்கிறதா? பெயர், ஊர், யார் யாருக்கு மச்சான் என்பதெல்லாம் மறக்கும். ஒரு வாசனை மாதிரி ஏதோ நிற்கும். கட்டாயம் நினைவில் வேண்டும் என்றால் முடித்த அன்றே யாரிடமாவது கதையைச் சொல்லிவிடுங்கள். வட்டம் நடத்துவதே பாதி இதற்காகத்தான். இன்னொன்று, மறப்பதில் லாபமும் உண்டு. துப்பறியும் நாவலை எட்டு வருடத்துக்கு ஒருமுறை புதிதாகப் படிக்கலாம்.

அப்பா காலத்துப் புத்தகங்கள் பரணில் கிடக்கின்றன. எடைக்குப் போட்டுவிடலாமா?

பிரித்துப் பார்க்காமல் போடாதீர்கள். செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா என்று ஒருவர் இருந்தார். மற்றவர்கள் குப்பை என்று நினைத்ததையெல்லாம் சேர்த்தார்: பழைய பத்திரிகை, நாடக நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், கல்யாண அழைப்பிதழ்கூட. அவர் 1992இல் காலமான பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் அந்தச் சேகரிப்பை வாங்கியது. அதை இங்கேயே வைத்து 1994இல் சென்னையில் அவர் பெயரில் ஆராய்ச்சி நூலகம் அமைந்தது. நூறு வருடத்துக்கு முந்தைய தமிழகத்தைப் பற்றி ஆராய வருகிறவர்கள் அங்கேதான் போய் நிற்கிறார்கள்.

அதனால் 1950க்கு முந்தைய அச்சு, நின்றுபோன பத்திரிகை, உள்ளூர் அச்சகம் போட்ட சிறு நூல், ஊர்க்கோயில் மலர் இவற்றைத் தனியே எடுங்கள். அப்படிப்பட்ட நூலகம் ஒன்றுக்கு எழுதிக் கேளுங்கள். பழைய போட்டித் தேர்வு வழிகாட்டிகளை எடைக்குப் போடலாம், பாவமில்லை. வைத்துக்கொள்வதென்றால் பரணிலிருந்து முதலில் இறக்குங்கள். ராமபாணப் பூச்சிக்கு இருட்டும் ஈரமும்தான் பிடிக்கும். நிழலில் காற்றாட வைத்து, தூசி தட்டி, அலமாரியில் ஒரு துண்டு வசம்பு போட்டு வைத்தால் போதும். வெயிலில் காய வைத்தால் தாள் நொறுங்கும்.

புத்தகத்தை இரவல் கொடுத்தால் திரும்பி வருவதில்லையே?

வட்டத்தில் இதில் இரண்டு கட்சி. ஒரு கட்சி நோட்டுப் போட்டு, தேதி எழுதி, கையெழுத்து வாங்கித்தான் கொடுக்கும். அவர்களிடம் எல்லாப் புத்தகமும் இருக்கிறது, கேட்டு வருகிறவர்கள்தான் குறைவு. நான் மற்றக் கட்சி. திரும்ப வராவிட்டாலும் பரவாயில்லை என்பதை மட்டும் கொடுப்பேன், கொடுத்ததும் மறந்துவிடுவேன்.

பன்னிரண்டு வருடம் முன்னால் ஒரு சிறுகதைத் தொகுப்பைக் கொடுத்தேன், யாருக்கு என்று நினைவில்லை. போன ஆடி மாதம் எங்கள் கூட்டத்துக்கு முதல்முறை வந்த ஒரு பெண் அதைப் பையிலிருந்து எடுத்து, மிகவும் நல்ல புத்தகம் சார், படித்திருக்கிறீர்களா என்று நீட்டினார். முதல் பக்கத்தில் என் கையெழுத்து. அதற்குக் கீழே எனக்குத் தெரியாத மூன்று பேருடைய பெயர், மூன்று மையில். 88ஆம் பக்கத்தில் திருச்சி பேருந்துச் சீட்டு ஒன்று. படித்துவிட்டுத் தருகிறேன் என்று இரவல் வாங்கி வந்திருக்கிறேன். அவருக்கு இன்னும் சொல்லவில்லை.